படை வரும் நேரமும் சண்டை முடியும் நேரமும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவரும் கம்பஸ் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஒன்லைன் விண்வெளி கேம் செய்கிறார்கள். 200 நட்சத்திரத் தொகுதிகள். சோதனைக்காக விளையாடுகிறவர்கள் 80 பேர். எந்தக் கப்பலும் வரைபடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 4 நிமிடத்தில் போய்விடலாம். ஒரு சண்டை 15 நிமிடமளவில் நடக்கும். இப்போது 30 பேர் கொண்ட ஒரு குழு, எங்கே சண்டை தொடங்கினாலும் அங்கே வந்து இறங்கி, இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டுப் போகிறது. மற்ற 50 பேரும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்துகிறார்கள். "தூரப் பயணத்தைக் கட்டுப்படுத்தினால் இது தீருமா, இல்லை உள்ள சண்டையும் இல்லாமல் போய்விடுமா?" இதுதான் அவருடைய கேள்வி.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. 4 நிமிடம், 15 நிமிடம் என்று இரண்டு எண்கள் கொடுத்திருக்கிறீர்கள். படை வந்து சேரும் நேரம் சண்டை முடியும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால், உலகத்தில் உள்ள எல்லோரும் அந்தச் சண்டைக்குள் வந்துவிடுவார்கள். நல்லவர்கள் கெட்டவர்கள் என்ற பேச்சே இதில் இல்லை. வர முடியும் என்றால் வருவார்கள். நீங்கள் மாற்ற வேண்டியது இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள உறவை. அதை எப்படி மாற்றுவது, மாற்றினால் எங்கெங்கே வலிக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் சோதனையை ஆகப்பெரிய அளவில் செய்து பார்த்த கேம் ஈவ் ஒன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் உள்ள சிசிபி 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவுக்குத் தனி சேர்வர் இருப்பதை விட்டால், மற்ற எல்லா நாட்டுக்காரரும் ஒரே உலகத்தில்தான் விளையாடுகிறார்கள். அந்த சேர்வர் லண்டனில் இருக்கிறது. ஸ்டார்கேட் என்ற வாசல்களால் இணைந்த தொகுதிகள் மட்டுமே 5,000க்கு மேல். நான் கொழும்பிலிருந்து அதில் பல வருடம் கேப்பிட்டல் என்ற மிகப் பெரிய வகைக் கப்பல் ஓட்டியவன். தினமும் சேர்வரை நிறுத்தி எடுக்கும் நேரம் எங்களுக்குப் பின்னேரம் 4.30. அமெரிக்கர்களின் பெரிய சண்டைகள் நாங்கள் வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் நடக்கும். ஐரோப்பியர்களின் சண்டைக்கு நடுச்சாமம் வரை விழித்திருக்க வேண்டும். அதனால் "எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்" என்ற கணக்கு எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கே சாதாரணக் கப்பல்கள் கேட் கேட்டாகத் தாண்டித்தான் போக வேண்டும். டிரெட்நாட், கேரியர், சூப்பர்கேரியர், டைட்டன் போன்ற கேப்பிட்டல் கப்பல்களுக்கு ஜம்ப் டிரைவ் உண்டு. போக வேண்டிய தொகுதியில் உங்கள் ஆள் ஒருவர் சைனோ ஏற்ற வேண்டும். அது ஒரு வெளிச்சவீடு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு பல ஒளியாண்டுகளை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடலாம். டைட்டன் இருந்தால் இன்னும் வசதி: அது பாலம் போட்டு, சிறிய கப்பல்கள் நிறைந்த முழு ஃப்ளீட்டையும் அனுப்பிவிடும். 2014 வரைக்கும், முழுத் திறமையும் பயின்ற ஒருவரின் கேரியர் ஒரு பாய்ச்சலில் 14 ஒளியாண்டுக்கு மேல் போனது. எரிபொருள் இருந்து, கப்பாசிட்டர் என்ற மின்சேமிப்பும் நிரம்பிவிட்டால் அடுத்த பாய்ச்சல். அதற்கு மேல் தடை எதுவும் இல்லை. ஒரு படை ஒரே இரவில் உலகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய், அடித்து, வீடு திரும்பிவிடும்.

அது எப்படி முடிந்தது என்பதற்கு அசாகாய் என்ற தொகுதியில் நடந்த சண்டை நல்ல உதாரணம். 2013 ஜனவரி. சின்னச் சண்டை ஒன்று. தன் ஃப்ளீட்டுக்குப் பாலம் போட வேண்டிய ஒரு டைட்டன் ஓட்டுநர், பாலம் போடுவதற்குப் பதிலாகத் தானே பாய்ந்துவிட்டார். ஒரு பொத்தான் தவறு. தனியாக நின்ற டைட்டனைப் பார்த்ததும் செய்தி பரவியது. சிறிது நேரத்தில் சுமார் 2,800 பேர் அந்த ஒரு தொகுதிக்குள். அடுத்த வருடம் அதே மாதம் பி-ஆர்5ஆர்பி என்ற தொகுதியில் இன்னொரு சண்டை. ஒரு தொகுதிக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை கட்டுப்படாமல் போனதில் தொடங்கியது அது. கிட்டத்தட்ட 21 மணித்தியாலம் நடந்தது. 7,500க்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். 75 டைட்டன்கள் அழிந்தன. இழப்பு ஏறத்தாழ 3 லட்சம் அமெரிக்க டொலர் பெறுமதி என்று உலகச் செய்திகளில் வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெரிய அதிசயம். உள்ளே இருந்தவர்களுக்கும் அது மறக்க முடியாத நாள்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த 21 மணித்தியாலத்துக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கேம் செய்கிற நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடினால் சேர்வர் தாங்காது. அதற்காக 2012இல் டைம் டைலேஷனைக் கொண்டுவந்தார்கள். வீரர்கள் டைடி என்பார்கள். சுமை கூடக்கூட அந்தத் தொகுதிக்குள் மட்டும் நேரம் மெதுவாக ஓடும், வழக்கமான வேகத்தில் 10 சதவீதமாகக்கூடக் குறையும். உள்ளே 1 மணித்தியாலச் சண்டை வெளியே 10 மணித்தியாலம். வெளியே இருப்பவர்களுக்கு நேரம் வழக்கம்போலவே ஓடுகிறது. அதாவது கூட்டம் கூடினால் சண்டை நீள்கிறது, சண்டை நீண்டால் இன்னும் தூரத்திலிருப்பவர்களும் வர நேரம் கிடைக்கிறது, அவர்கள் வந்தால் இன்னும் மெதுவாகிறது. நான் சொன்ன இரண்டு எண்களில் ஒன்று கட்டறுத்துக்கொண்டு ஓடுகிறது. உங்களுக்கு 80 பேர்தான் என்பதால் இந்தப் பிரச்சினை இப்போது வராது. வளர்ந்தால் வரும்.

பெரிய சண்டைகள் செய்தியாகின. நடக்காமல் போன சண்டைகளை யாரும் எண்ணவில்லை. எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அதுதான். 20 பேர் கொண்ட எங்கள் குழு, பக்கத்துத் தொகுதியில் 20 பேர் கொண்ட இன்னொரு குழு. இரண்டு பக்கத்துக்கும் சண்டை போட ஆசை. ஆனால் படையை நடத்தும் எஃப்சி கணக்குப் போடும்போது எதிரே நிற்கிற 20 பேரை எண்ணுவதில்லை. இவர்களுக்கு யாரைத் தெரியும், அவர்களிடம் எத்தனை சூப்பர்கேரியர், இன்று இரவு யார் விழித்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். உலகம் முழுக்க உள்ள எல்லாப் படையும் நம் வாசலில் நிற்கிறதாகவே எண்ணிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு டிரெட்நாட்டைக் களத்தில் இறக்கவே பயந்தோம். மணிக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன இரவுகள் பல. உங்கள் 50 பேர் வராமல் போவதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் தோற்றதால் போகவில்லை. தங்கள் சண்டை தங்களுடையதாக இல்லை என்பதால் போகிறார்கள்.

2014 நவம்பர் 4ஆம் திகதி ஃபீபி என்ற வெளியீட்டில் சிசிபி இதை உடைத்தது. கேப்பிட்டல் போர்க்கப்பல்களின் பாய்ச்சல் 5 ஒளியாண்டாகக் குறுகியது. கூடவே ஜம்ப் ஃபட்டீக் என்ற களைப்பு வந்தது. அதன் கணக்கு எளிது. ஒவ்வொரு பாய்ச்சலிலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் களைப்பை, கடந்த ஒளியாண்டோடு 1 கூட்டி வரும் எண்ணால் பெருக்குவார்கள்; களைப்பே இல்லாவிட்டால் 10 நிமிடத்திலிருந்து தொடங்கும். அடுத்த பாய்ச்சலுக்குக் காத்திருக்கும் நேரம், பழைய களைப்பில் பத்தில் ஒரு பங்கு, அல்லது ஒளியாண்டோடு 1 கூட்டிய நிமிடங்கள், எது அதிகமோ அது.

ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 5 ஒளியாண்டு பாய்கிறீர்கள்: 6 நிமிடம் காத்திருப்பு, 1 மணித்தியாலக் களைப்பு. காத்திருந்து மறுபடி பாய்கிறீர்கள்: மறுபடி 6 நிமிடம்தான் காத்திருப்பு, ஆனால் களைப்பு 5 மணித்தியாலத்தைத் தாண்டிவிட்டது. மூன்றாவது பாய்ச்சல்: அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருப்பு, களைப்பு ஏறத்தாழ 32 மணித்தியாலம். நான்காவது: 3 மணித்தியாலத்துக்கு மேல் காத்திருப்பு, களைப்பு கிட்டத்தட்ட 8 நாள். உச்ச வரம்பு 30 நாள் என்று வைத்தார்கள். இரண்டு பாய்ச்சலுக்குள் இருக்கும் அயலவனுக்கு உதவப் போகலாம். அதற்கு அப்பால் போனால் அன்றைய இரவு போய்விடும். கணக்கு அப்படி அமைந்திருந்தது. அழகான கணக்கு என்றுதான் இன்றும் சொல்வேன்.

இன்னொன்றும் செய்தார்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவரை கேட் வழியாகப் போக முடியாத கேப்பிட்டல் கப்பல்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்கள். களைப்பு வேண்டாம் என்றால் நடந்து போ என்பது போல. அதனால் உலகத்தில் மறுபடியும் வழி என்று ஒன்று உண்டானது. பெரிய கப்பல்கள் வழியில் தெரியும், வேவுக்காரர் சொல்வார், ஒரு கேட்டில் காத்திருந்து மறிக்கலாம். பயணமே சண்டைக்குக் காரணமாகியது. வெறும் காத்திருப்பை மட்டும் வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

சரி, சண்டை என்னவானது?

2022இல் கொழும்பில் பெற்றோல் கோட்டா வந்ததை நினைத்துப் பாருங்கள். கியூஆர் அட்டையில் முதலில் கொடுத்தது, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். எங்கள் சந்தியில் நிற்கும் ஆட்டோ அண்ணன் ஓட்டத்தை நிறுத்தவில்லை. நீர்கொழும்புக்கு வா என்றால் மாட்டேன் என்றார். பம்பலப்பிட்டிக்கு என்றால் உடனே கிளம்பினார். அவருக்கு உலகம் சுருங்கியது, ஆனால் சுருங்கிய உலகத்துக்குள் அவர் முன்பைவிடத் தெளிவாக இருந்தார். யார் எங்கே போவார்கள், எந்த நேரம் எந்த ஓட்டம் என்பதெல்லாம் அத்துப்படி.

ஃபீபிக்குப் பிறகு எங்களுக்கும் அதுதான் நடந்தது. 5 ஒளியாண்டு வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் யாரிடம் எத்தனை டிரெட்நாட் இருக்கிறது என்று எழுதி வைத்தோம். எண்ணக்கூடிய எண்ணிக்கை என்றதும் எஃப்சிக்குத் துணிவு வந்தது. முன்பு இறக்கப் பயந்த கப்பலை இப்போது இறக்கினோம்; இழந்தோம்; மறுநாள் மறுபடி இறக்கினோம். நடுத்தரச் சண்டைகள், 30 பேர், 60 பேர், சில டிரெட்நாட்டுகள் என்ற அளவில், எங்கள் பக்கத்தில் நிச்சயமாகக் கூடின. அயலவரோடு பகையும் வந்தது, உறவும் வந்தது. யாரோ பெரியவர் தொலைவிலிருந்து வந்து முடித்துவைக்காததால், ஒரு சண்டை அடுத்த சண்டைக்குக் காரணமாகத் தொடர்ந்தது.

ஆனால் பெற்றோல் கோட்டாவின் இன்னொரு பக்கமும் அங்கே இருந்தது. அட்டை வாகனத்துக்கு, ஆளுக்கு அல்ல. வீட்டில் மூன்று வாகனம் இருந்தவர்களுக்குக் கஷ்டம் குறைவு. ஈவில் களைப்பு, நாம் விளையாடும் கதாபாத்திரத்துக்கு; கப்பலுக்கு அல்ல. பணமுள்ள கூட்டணிகள் என்ன செய்தன? இரண்டாவது கதாபாத்திரம் வைத்துக்கொண்டார்கள். இன்னொரு பிராந்தியத்தில் இன்னொரு செட் கப்பல்களை வாங்கி அடுக்கி, ஜம்ப் குளோன் என்ற மாற்று உடல் மூலம் வீரர் மட்டும் அங்கே போய் எழும்பினார். கப்பல் நகரவில்லை, களைப்பும் ஏறவில்லை. இரண்டு செட் வாங்கும் வசதி சிறிய குழுவுக்கு இல்லை. நீங்கள் எதன் மீது கட்டுப்பாட்டைக் கட்டுகிறீர்களோ, அதைப் பெருக்கிக்கொள்ளக்கூடியவர்கள் தப்பிவிடுவார்கள். உங்கள் கேமில் ஒருவருக்கு எத்தனை கணக்கு, எத்தனை கப்பலை எங்கே வைக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் தூரத்தைத் தொட வேண்டும்.

அடுத்த விளைவு இன்னும் பெரியது. தூரத்திலிருந்து உதவிக்குப் போக முடியாது என்றால், பலசாலி என்ன செய்வார்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பார். 2016இன் கடைசியில் ரோர்குவல் கப்பல்கள் பெருமளவில் கனிமம் தோண்டத் தொடங்கிய பிறகு இது உச்சத்துக்குப் போனது. டெல்வ் என்ற ஒரே பிராந்தியத்துக்குள் தோண்டுதல், கப்பல் கட்டுதல், நூற்றுக்கணக்கான சூப்பர் கப்பல்கள் எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. அங்கே யாராவது தாக்கினால், காவல் படை ஒரே பாய்ச்சலில் வந்து இறங்கும். வட்டத்துக்குள் வந்து சேரும் நேரம் மறுபடி சண்டை நேரத்தைவிடக் குறைந்துவிட்டது, பாருங்கள். தாக்க வருபவன் மட்டும் களைத்து வருகிறான்.

இதில் ஒரு பழைய சரித்திரம் எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். 1904இல் ரஷ்யா தன் பால்டிக் கடற்படையை ஜப்பானோடு போரிட அனுப்பியது. ஏறத்தாழ 18,000 கடல் மைல். அன்றைய போர்க்கப்பல் நிலக்கரியில் ஓடியது; வழியெங்கும் நிலக்கரி ஏற்ற வேண்டும். இந்தியப் பெருங்கடலின் பெரிய நிலக்கரித் துறைகளில் எங்கள் கொழும்பும் ஒன்று, ஆனால் அது பிரித்தானியரிடம் இருந்தது. பிரித்தானியா அன்று ஜப்பானின் நட்பு நாடு. ரஷ்யப் போர்க்கப்பலுக்கு இங்கே இடமில்லை. மடகாஸ்கரில் காத்துக் கிடந்து, நடுக்கடலிலும் நிலக்கரி ஏற்றி, மாதக்கணக்கில் ஊர்ந்து போன அந்தப் படை 1905 மே மாதம் சுஷிமாவில் இரண்டே நாளில் நொறுங்கியது. ஜப்பான் தன் வீட்டு வாசலில் நின்று களைப்பில்லாமல் சண்டை போட்டது. தூரத்துக்கு விலை வைக்கும் எந்த விதியும் காவல் நிற்பவனுக்குச் சாதகம். நடுவழியில் யாருக்குத் துறைமுகம் உண்டு என்பதுதான் அதைச் சமன் செய்யும். உங்கள் வரைபடத்தில் கைப்பற்றக்கூடிய இடைத்தங்கல் நிலையங்கள் இல்லையென்றால், கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு உங்கள் 30 பேர் குழு ஒரு மூலையில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், யாராலும் தொட முடியாது.

பெரும் சண்டைகள் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 2020 ஒக்டோபரில் ஈவின் எஃப்டபிள்யூஎஸ்டி-8 தொகுதியில் ஒரே நேரத்தில் 6,500க்கு மேற்பட்டவர்கள் மோதினார்கள், கின்னஸ் சாதனை. அந்த வருடக் கடைசியில் டெல்விலேயே உள்ள எம்2-எக்ஸ்எஃப்ஈயில் 250க்கு மேல் டைட்டன்கள் அழிந்தன, பி-ஆர்5ஆர்பியைவிட மூன்று மடங்குக்கு மேல். களைப்பு அப்போதும் இருந்தது. ஆனால் பல வருடக் குறைகேட்புக்குப் பிறகு உச்சம் 5 மணித்தியாலம், காத்திருப்பு அதிகபட்சம் 30 நிமிடம் என்று தளர்த்தியிருந்தார்கள். அதைவிட முக்கியமான காரணம் வேறு. அங்கே கட்டடங்களை உடனே அழிக்க முடியாது. அடித்தால் அது காப்பு நிலைக்குப் போய், இன்ன நாள் இன்ன நேரம் மறுபடி அடிக்கலாம் என்று கடிகாரம் ஓடும். கல்யாண அழைப்பிதழ் மாதிரி நாளும் நேரமும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் அவகாசம் இருந்தால் எந்தத் தூரமும் தூரமில்லை. ஆகவே தூரக் கட்டுப்பாடு சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும் சண்டைகளைத்தான் காப்பாற்றும். நாள் குறித்த சண்டைகளை அது தொடாது. உங்கள் கேமிலும் அப்படிக் கடிகாரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், சிறிய நிலையங்களுக்கு அதை 20 நிமிடத்துக்குக் குறையுங்கள்.

அந்தச் சண்டைகள் நடந்த 2020 போரில் ஒரு நல்ல மாற்றத்தைப் பார்த்தேன். 2013இல் ஒரே இரவில் போய் வந்தவர்கள், இப்போது முன்னரங்கம் அமைத்து, பாசறை மாற்றி, மாதக்கணக்கில் முன்னேற வேண்டியிருந்தது. பாசறையைப் பெயர்க்கும்போது பின்னால் விட்டுவரும் வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. போர் என்பதற்கு ஒரு இடமும் ஒரு பருவமும் கிடைத்தன. கச்சான் காற்று ஓய்ந்து வாடைக் காற்று கிளம்பும்வரை பாய்மரக் கப்பல்கள் துறையில் கிடந்த காலத்தைப் போல.

இனி ஒரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவத்திலிருந்து. 2015இல் எங்கள் குழு இடம் மாறியது. அவசரத்தில் நான்கைந்து பாய்ச்சல்களை அடுத்தடுத்துப் போட்டுவிட்டேன். அதே வாரம் பழைய அயலவர்கள் எங்களைத் தாக்கினார்கள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, இரவு 9 மணிக்குத்தான் எனக்கு நேரம். களைப்புத் தீராததால் பாய்ச்சல் பொத்தான் சிவப்பில். மற்றவர்கள் சண்டை போடும் சத்தத்தை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு இருந்தேன். அடுத்த இரவும் அப்படியே. என் கப்பலுக்குக் களைப்பு வந்திருந்தால் வேறு கப்பலில் போயிருப்பேன். கேம் என் மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டது. நல்ல நண்பர்கள் சிலர் அந்தக் காலத்தில் இப்படித்தான் விலகினார்கள். 2002இல் ஜேர்மனியில் வந்த ஓகேமில் ஃப்ளீட் போய்ச் சேர மணிக்கணக்காகும், யாருக்கும் அது வலிக்கவில்லை, ஏனென்றால் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம். திரையின் முன் உட்கார வைக்கும் கேமில் காத்திருப்புக்கு விலை வேறு.

சரக்கையும் தொடாதீர்கள். சிசிபி ஃபீபியிலேயே ஜம்ப் ஃப்ரைட்டர் என்ற சரக்குக் கப்பலுக்கு 10 ஒளியாண்டு கொடுத்து, களைப்புக் கணக்கில் தூரத்தை 90 சதவீதம் குறைத்தது. ஜிட்டா என்ற பெரும் சந்தையிலிருந்து எல்லைப் பகுதிகளுக்குச் சாமான் போகாவிட்டால் அங்கே கடைகள் காலியாகும். இழந்த கப்பலுக்கு மாற்று வாங்க முடியாதவன் சண்டைக்கு வரமாட்டான். நீங்கள் பயந்தது போல உள்ள சண்டையும் இல்லாமல் போவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நடக்கும்.

உங்கள் 4, 15 என்ற எண்களுக்கு வருகிறேன். தனிக் கப்பல், வேவுக் கப்பல், புதியவர்களின் சிறிய கப்பல் இவற்றுக்கு 4 நிமிடம் அப்படியே இருக்கட்டும். ஆட்கள் ஒருவரை ஒருவர் கண்டால்தானே சண்டை. சரக்குக்கு நேரத்தைக் கூட்டாமல் எரிபொருள் விலையைக் கூட்டுங்கள். பெரிய கப்பலுக்கும், 10க்கு மேற்பட்டவர்கள் ஒன்றாகப் பாயும் ஃப்ளீட்டுக்கும் மட்டும் முனைக்கு முனை 25 முதல் 30 நிமிடம் ஆகட்டும். அதில் முதல் இரண்டு பாய்ச்சல் மலிவு, மூன்றாவது விலை கூடியது. களைப்பைக் கப்பல் மீது ஏற்றுங்கள். அடுத்த நாள் மாலைக்கு அது மிஞ்சக் கூடாது. கூட்டத்தை 9 பேராகப் பிரித்து அனுப்பிப் பார்ப்பார்கள். அதற்கு, ஒரே சைனோவில் 5 நிமிடத்துக்குள் வந்தவர்கள் எல்லோரையும் ஒரே ஃப்ளீட்டாக எண்ணுங்கள். வரைபடத்தின் நடுவில் கைமாறக்கூடிய 6 அல்லது 7 இடைநிலையங்கள் போடுங்கள், அரிய கனிமங்களை ஒரே மூலையில் வைக்காமல் நான்கு திசைக்கும் சிதறுங்கள்.

பிறகு இரண்டு வாரம் ஒன்றை மட்டும் பதிவு செய்யுங்கள்: ஒவ்வொரு சண்டையிலும், தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை தொகுதி தள்ளியிருந்து வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் தொலைவிலிருந்தே வருகிறார்கள் என்றால் மூன்றாவது பாய்ச்சலின் விலையைக் கூட்டுங்கள். யாருமே வரவில்லை, சண்டைகளும் 5 நிமிடத்தில் முடிகின்றன என்றால் இரண்டாவது பாய்ச்சலின் விலையைக் குறையுங்கள். அந்தப் பதிவை எனக்கும் அனுப்பினால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.